செம்புக் கம்பி சுற்றிய தடி

அந்த ஸ்டூலில் உட்கார வேண்டாம், வார்னிஷ் ஒட்டிக்கொள்ளும். இந்த நாற்காலியில் உட்காருங்கள். மோட்டார் கொண்டுவந்த ஆள் இல்லை நீங்கள் என்று கடைக்குள் கால் வைத்தபோதே தெரிந்துவிட்டது. மோட்டார் கொண்டுவருகிறவன் சலவை வேட்டியில் வர மாட்டான். வாசலில் நின்று பெயர்ப் பலகையை இரண்டு தரம் படிக்கவும் மாட்டான்.

கோபி பக்கமா? நல்லது. சென்னியப்பன் மகனுக்கு உங்கள் பெண்ணைக் கொடுக்கலாமா என்று விசாரிக்க வந்திருக்கிறீர்கள். மாரப்பனைக் கேளுங்கள், அவனுக்குத்தான் சென்னியப்பனை உள்ளும் புறமும் தெரியும் என்று பஸ் ஸ்டாண்டிலேயே கைகாட்டியிருப்பார்கள். கைகாட்டியவர்களுக்கு இந்த வருஷத்துக் கதை தெரியாது.

விசாரிப்பதில் தப்பே இல்லை. ஜாதகம் பொருந்தினாலும் நாலு இடத்தில் விசாரிக்காமல் நம் ஆட்கள் சம்பந்தி வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். பையனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, தங்கமான பையன். நீங்கள் அப்பனைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதற்கு நான் ஒரு வார்த்தையில் பதில் சொன்னால் நியாயமாக இருக்காது. ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டுக் கொடுப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

என் தொழில் எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டுவது. மீசை முளைத்த நாளிலிருந்து இதுதான். இதில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்று. மோட்டார் கொண்டுவருகிற எவனும் உண்மை சொல்ல மாட்டான். "தண்ணியில்லாம ஓட விட்டீங்களா?" என்று கேட்டால், "ஐயோ, கெணறு நெறையத் தண்ணிங்க" என்பான். பிரித்துப் பார்த்தால் உள்ளே எல்லாம் கருகிப் போயிருக்கும். வாயைக் கேட்காதே, காயிலைக் கேள். அவ்வளவுதான் தொழில். இந்தத் தொழிலால் என் மனசு இப்படி ஆகிவிட்டதா, மனசு இப்படி இருந்ததால்தான் இந்தத் தொழில் ஒத்துவந்ததா என்று சில நாள் படுக்கையில் யோசிப்பேன். என் மனைவி உயிரோடு இருந்தவரைக்கும், "கோயில்ல குடுக்கற திருநீறக்கூட நீங்க மோந்து பாத்துட்டுத்தான் பூசுவீங்க" என்பாள். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். எனக்கு ஒரே பெண், கோகிலா. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். உள்ளேதான் இருக்கிறாள், இன்றைக்கு சனிக்கிழமை இல்லையா.

போன தை மாசம் அவளுக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்தது. காங்கயம் பக்கம், அரிசி ஆலை வைத்திருக்கிற குடும்பம். பையனுக்குப் பொறுப்பு என்றால் அப்படியொரு பொறுப்பு. பெண் பார்த்துவிட்டுப் போன நாளிலிருந்து மணிக்கொருதரம் இவளைக் கூப்பிடுவான். எங்கே இருக்கிறாய், பக்கத்தில் யார், ஏன் உடனே எடுக்கவில்லை என்று கேட்பான். வீடியோவில் வகுப்பறையைச் சுற்றிக் காட்டச் சொல்வான். ஒரு நாள் பின்னால் ஏதோ ஆண் குரல் கேட்டதாம், எனக்கே போன் போட்டு விசாரித்தான். டிரில் மாஸ்டர் குரல் அது. எனக்கு ரொம்பத் திருப்தியாகிவிட்டது. இந்தக் காலத்தில் எந்தப் பையன் இத்தனை அக்கறையாக இருக்கிறான், சொல்லுங்கள். நான் என் பெண்ணைப் பார்த்துக்கொள்கிற மாதிரியே அவனும் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தேன். இந்தப் போன் சமாச்சாரத்தை நான் வெளியே ஒருத்தரிடமும் சொல்லவில்லை. மாப்பிள்ளை பேச்சை ஊரில் அளக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிச்சயதார்த்தத்துக்கு மண்டபம் பேசியாகிவிட்டது. அப்புறம் ஒரு நாள் தரகர் வந்து இந்த வாசலில் நின்று தலையைச் சொறிந்தார்.

"அவங்க வேண்டாம்னுட்டாங்க. ஜாதகத்துல என்னமோ இடிக்குதாமா."

"ஜாதகம் பொண்ணு பாக்கறதுக்கு முந்தியே பாத்தாச்சே. இத்தன நாளா இடிக்காதது இன்னைக்கு இடிக்குதா?"

நான் விடவில்லை. உலுக்கிய உலுக்கலில் சொல்லிவிட்டார். "கடைசியா ஒரு தடவ விசாரிக்கலாம்னு உங்க சிநேகிதரு சென்னியப்பன் வீட்டுக்குப் போனாங்க. பேசிட்டு வந்து கார்ல ஏறுனதும் வேண்டாம்னுட்டாங்க. அவரு என்ன சொன்னாருன்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. நான் வாசல்ல செருப்புக்குக் காவல் நின்னேன்."

கோகிலாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். சுற்றி வளைத்துச் சொன்னேன். "சரிங்ப்பா" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு வழக்கத்தைவிட இரண்டு தோசை கூடச் சாப்பிட்டாள். துக்கத்தில் சிலருக்கு அப்படித்தான் பசிக்கும்.

சென்னியப்பன் ஏன் கெடுத்தான்? அவன் வேறு கூட்டம், நாங்கள் வேறு கூட்டம், பெண் கொடுத்து எடுக்கிற முறை. நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். கோகிலா அவனை மாமா என்பாள், அவன் பெண்டாட்டியை அத்தை என்பாள். அப்படியென்றால் அவன் மகன் இவளுக்கு முறை மாப்பிள்ளை. வெளியே போகிற சம்பந்தத்தைத் தட்டிவிட்டால், மனசு விட்டுப்போன அப்பன் பெண்ணைத் தன் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பான். எப்படிப் பார்த்தாலும் கணக்கு சரியாக வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. காத்துக்கொண்டிருந்தேன்.

மாசி பிறந்ததும் அவனே வந்தான். உங்களை மாதிரித்தான், இதே நாற்காலியில் உட்கார்ந்தான். "என்ன மச்சா, மலைக்கு எப்பப் போலாம்?" என்றான்.

எங்கள் கல்யாணத்துக்கு முந்தின காலத்திலிருந்து வருஷம் தவறாமல் நாங்கள் இரண்டு பேரும் வெள்ளியங்கிரி ஏறுவோம். நீங்களும் ஏறியிருப்பீர்கள். ஒரு மலை ஏறினால் போச்சு என்று திரும்ப முடியாது, ஏழு மலை தாண்ட வேண்டும். ஏழாவது உச்சியில்தான் ஈசன் உட்கார்ந்திருக்கிறான். முடியாது என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். அப்புறம் ஒரு யோசனை வந்தது. அந்த உச்சியில் கற்பூரத்தை ஏற்றி, அதைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னால்? அந்த இடத்தில் நின்று பொய் சொல்ல நம் ஆட்களில் எவனுக்கும் நாக்கு வராது. சரி என்று சொல்லிவிட்டு, கற்பூரம் ஒரு பொட்டலம் தனியாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

எல்லாரும் வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் ஏறுவார்கள். இவன் விடியும்போது ஏறலாம் என்றான். ஏன் என்று கேட்டால், "உம்பட மொழங்காலுக்கு வெளிச்சம் வேணும்" என்றான். என் முழங்காலைப் பற்றி அவனுக்கு என்ன திடீர்க் கவலை? கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து என்னமோ பேசத் திட்டம் போட்டிருக்கிறான் என்று நினைத்தேன்.

அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கினோம். அவன்தான் இரண்டையும் பொறுக்கினான், கல்லில் தட்டித் தட்டிப் பார்த்து. நேராக, கணு நெருக்கமாக இருந்ததை என்னிடம் கொடுத்துவிட்டு, வளைந்ததைத் தான் வைத்துக்கொண்டான். நல்லதை ஏன் எனக்குக் கொடுக்கிறான்? குற்றமுள்ள மனசுதான் தாராளமாகக் கொடுக்கும். வேர்த்த கைக்கு வழுக்காமல் இருக்க நான் தடியின் பிடியில் பழைய செம்புக் கம்பியைச் சுற்றிக்கொள்வேன். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். கம்பி சுற்றும்போது அவன் கேலி பண்ணுவான். "ஈசன் கரண்டு குடுத்தா தடியும் மோட்டாராட்ட ஓடிரும் போல மச்சா." இந்த வருஷமும் அதையே சொன்னான். நான் சிரிக்கவில்லை.

முதல் மலை படிக்கட்டு. மூச்சு வாங்குகிற மலை. அவன் என் பின்னாலேயே வந்தான். நான் நின்றால் நின்றான். 'முன்னால போ' என்றால், 'நீ போ, நான் வாரேன்' என்றான். அவன் முகத்தை நான் பார்த்துவிடக் கூடாது, அதுதான் விஷயம் என்று எனக்குப் பட்டது. செருப்பில்லாத என் காலையே பார்த்துக்கொண்டு வந்தான். ஒரு தரம் நான் தடுமாறினபோது இடுப்பில் ஒரு கை வந்து தாங்கியது. திரும்பிப் பார்ப்பதற்குள் எடுத்துக்கொண்டான்.

மூன்றாவது மலையில் கைதட்டிச் சுனை. கை தட்டினால் தண்ணீர் வரும் என்பார்கள். நான் தட்டினேன், சொட்டு சொட்டாக வந்தது. அவன் தட்டினான், கொஞ்சம் கூட வந்தது.

"சந்தேகத்தோட தட்டுனா வராது மச்சா. தண்ணிக்குக்கூட ரோஷம் இருக்கு."

பக்கத்தில் இருந்த திருப்பூர்க்காரர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. நான் சந்தேகப்படுவது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. குற்றம் செய்யாதவனுக்கு அடுத்தவன் சந்தேகம் எப்படித் தெரியும்?

அதைத் தாண்டி ஒரு மர நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். கோகிலா கட்டிக் கொடுத்தது. புளிச்சோறு, ஒரு டப்பாவில் எள்ளுப்பொடி. நான் எள்ளைத் தொட மாட்டேன், சின்ன வயசிலிருந்தே ஆகாது. அவன் எள்ளுப்பொடி என்றால் உயிரை விடுவான். டப்பாவைத் திறந்து பார்த்தவன் என்னமோ அதில் எழுதியிருக்கிற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் துளி மிச்சம் வைக்காமல் வழித்துச் சாப்பிட்டான். வீட்டுக்குப் போனதும் இவளைக் கேட்டேன். "மறந்து போட்டுட்டேனுங்ப்பா" என்றாள்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது அவன் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"ஏம் மச்சா, அந்தக் காங்கயத்துப் பையன் புள்ளைய மணிக்கொருக்கா கூப்பிடுவானாமே?"

பாருங்கள்! நான் எவனிடமும் சொல்லாத விஷயம். "உனக்கு ஆரு சொன்னா?" என்றேன். "காத்துல வந்துச்சு" என்றான். கையைத் துடைத்துக்கொண்டே, "நீ அதுக்கு என்ன நெனச்ச?" என்று கேட்டான்.

"நல்ல பொறுப்புன்னு நெனச்சேன்."

அவன் தடியை ஊன்றி எழுந்தான். "நட மச்சா, வெயில் ஏறுது" என்றான். நான் அடுத்த மலைகள் முழுக்க அதையேதான் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். என் வீட்டுப் போனில் நடந்தது இவனுக்கு எப்படித் தெரியும்? ஆள் வைத்துக் கேட்கிறானா? இவன் மகன் கம்ப்யூட்டர் படித்தவன், போனில் ஏதாவது பண்ணியிருப்பானோ? அஞ்சாவது மலையில் திருநீறு மாதிரி வெள்ளை மண் கிடக்கும், எல்லாரும் எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டு மிச்சத்தை மடியில் முடிந்துகொள்வார்கள். அவனே குனிந்து எடுத்து என் நெற்றியில் பூசினான். இத்தனை வருஷமாக அவன்தான் எனக்குப் பூசுவான், நான் அவனுக்குப் பூசுவேன். அன்றைக்கு நான் அவனுக்குப் பூசவில்லை. அவன் நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றான். அப்புறம் தானே பூசிக்கொண்டான்.

ஆறாவதில் சுனையில் குளித்தோம். தண்ணீர் ஊசி மாதிரி குத்தியது. ஈரத்தோடு ஏழாவது ஏறினோம். என் முழங்கால் கெஞ்சியது. மடியில் கற்பூரம் நனையாமல் இருக்கிறதா என்று நான் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

சாமி கும்பிட்டு வெளியே வந்ததும், காற்றுக்கு மறைவாக ஒரு பாறை ஓரத்தில் அவனை உட்கார வைத்தேன். துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு கற்பூரத்தை ஏற்றினேன்.

"மச்சா, இத அணைச்சுச் சொல்லு. எம்பொண்ணு கல்யாணத்தக் கலைச்சது நானில்லைன்னு சொல்லு. நான் உங்காலுல விழுந்துட்டுக் கீழ எறங்கறேன்."

அவன் என்னைப் பார்க்கவில்லை, கற்பூரத்தைப் பார்த்தான். கை எழுந்தது. உண்மையாகவே எழுந்தது. பாதியில் நின்றது. திரும்ப மடியில் போட்டுக்கொண்டான். கற்பூரம் தானாகவே எரிந்து முடிந்து பாறையில் கருப்பாக ஒட்டிக்கொண்டது.

"கலைச்சது நாந்தான் மச்சா."

"ஏன்?"

"அதக் கேக்காத."

"நாங் கேக்காம வேற எவன் கேப்பான்?"

"காரணம் என்னுது இல்ல. என்னுதா இருந்தா முதல் மலையிலயே சொல்லியிருப்பேன்."

என்னுது இல்லையாம்! பையில் திருட்டுச் சாமான் அகப்பட்டால் எல்லாத் திருடனும் இதைத்தான் சொல்வான்.

"உம்பையனுக்குக் கட்டிக்கலாம்னுதான?" என்றேன்.

அவன் சிரித்துவிட்டான். அந்த இடத்தில் உட்கார்ந்து சிரித்தான். "அதுக ரெண்டும் ஒரே தட்டுல சோறு தின்னு வளந்ததுக. கண்டா மண்டைய ஒடச்சுக்கும்" என்றான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஒண்ணு சொல்றேன் கேளு. வீட்டுக்குப் போயி, ஒரே ஒரு நாள் கேள்வி கேக்காம உக்காரு மச்சா. காரணம் தானா வந்து உன் பக்கத்துல உக்காரும்" என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் தடியை அவன் முன்னால் விட்டெறிந்துவிட்டு எழுந்து நடந்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று உங்களுக்குத் தெரியும். மலை ஏறின தடி வீட்டுக்கு வர வேண்டும், சாமி அறையில் நிற்க வேண்டும். ஏறின பலன் அந்தத் தடியோடுதான் வீட்டுக்குள் வரும் என்பார்கள். நான் வெறுங்கையோடு இறங்கினேன்.

ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம், அதுவும் தடியில்லாமல். பாறையைப் பிடித்து, வேரைப் பிடித்து, சில இடத்தில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே இறங்கினேன். பின்னால் தடி ஊன்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இரண்டு தடிச் சத்தம். நான் நின்றால் அதுவும் நின்றது. இரண்டாவது மலைச் சரிவில் அவன் என்னைத் தாண்டிப் போனான், முகத்தைத் திருப்பிக்கொண்டு. வளைவு திரும்பினால் என் தடி பாதை நடுவில் ஒரு கல்லில் சாய்த்து வைத்திருக்கிறது. செம்புக் கம்பி வெயிலில் மின்னியது. ஆள் எங்கேயோ மரத்துக்குப் பின்னால் இருந்தான். என் கை அதற்குப் போனது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் எடுத்தால் தோற்ற மாதிரி ஆகிவிடும் இல்லையா? தாண்டிப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் மறுபடி இரண்டு தடிச் சத்தம்.

பொழுது சாய அடிவாரம் வந்து சேர்ந்தேன். வந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், இரண்டு தடியோடு நின்றுகொண்டிருந்தான். பஸ்ஸில் ஏறவில்லை.

அதோடு பேச்சு நின்றது. கோகிலாவிடமும், இனி அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். என் தடி என்னிடம் வரவே இல்லை. கொண்டுபோய்விட்டான். யோசித்துப் பாருங்கள், நான் ஏறின ஏழு மலையின் பலன் அவன் வீட்டில் நிற்கிறது. அவன் மகனுக்கு இப்போது உங்கள் வீட்டுச் சம்பந்தம் கூடி வருகிறது.

ஆனால் ஒன்று சொல்கிறேன். நீங்கள் வந்து விஷயத்தைச் சொன்ன நிமிஷத்திலிருந்து என் கணக்கு உதைக்கிறது. வாய் உங்களிடம் பேசிக்கொண்டிருக்க, மனசு அதைத்தான் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறது. தன் மகனுக்குக் கட்டத்தான் என் பெண்ணின் சம்பந்தத்தைக் கலைத்தான் என்றால், இப்போது உங்கள் பெண்ணை எதற்குக் கேட்கிறான்? அவன் ஒரு தரம்கூட வந்து என் பெண்ணைக் கேட்கவில்லையே? அப்படியென்றால் அவனுக்கு இதில் என்ன கிடைத்தது? என் பகை கிடைத்தது. அதற்கா ஒருத்தன் கலைப்பான்? எரிந்த மோட்டாரில் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் எரிந்திருக்கிறது என்றால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும். அந்த மாதிரி இருக்கிறது.

வாம்மா கோகிலா. காப்பியை இப்படி வை. இவர் கோபியிலிருந்து வருகிறார், சென்னியப்பன் வீட்டுக்கு.

எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எப்படியும் அங்கே போகத்தான் போகிறீர்கள். எனக்கு ஒரு உபகாரம் பண்ணுங்கள். அவன் சாமி அறையை எட்டிப் பாருங்கள். பிடியில் செம்புக் கம்பி சுற்றின தடி ஒன்று அங்கே நிற்கிறதா, இல்லை வெற்றிலைக் கொடிக்காலுக்கு ஊன்றிவிட்டானா என்று பார்த்து, போகிற வழியில் எனக்கு ஒரு வார்த்தை —

என்ன அம்மணி?

"இருக்குதுங்ப்பா. சாமி ரூம்புல தனியா நிக்குது. மாமா அதுக்குந்தான் திருநீறு வெக்கிறாரு. அத்தை எடுத்துட்டுப் போய்க் குடுத்தர்றேன்னாங்க. வேண்டாம், அவனா வந்து எடுத்துக்கட்டும்னுட்டாரு."

உனக்கெப்படித் தெரியும்?

பாருங்கள். போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். போயிருக்கிறாள். ஒரு தடவை போனவள் திருநீறு வைப்பதையெல்லாம் பார்த்திருக்க மாட்டாள். எத்தனை தடவை போனாயென்று...

இல்லை. கேட்கவில்லை. நீ உள்ளே போ அம்மணி.

காப்பி ஆறுகிறது, குடியுங்கள்.

அந்தப் பையன் மணிக்கொருதரம் கூப்பிட்டது நான் யாரிடமும் சொல்லவில்லை என்றேன் இல்லையா. சென்னியப்பனுக்கு எப்படித் தெரிந்தது என்று மலை மலையாக யோசித்தேன். ஆள் வைத்தானா, மிஷின் வைத்தானா என்று. அது தெரிந்தவர்கள் மூன்றே பேர். கூப்பிட்டவன் ஒருத்தன். நான் ஒருத்தன்.

இரண்டு தோசை கூடச் சாப்பிட்டாள். எள்ளுப்பொடியை மறந்து போட்டுவிட்டேன் என்றாள். இந்தக் கை எள்ளைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. என் வீட்டில் என் பெண்ணுக்கு அது மறக்குமா?

என்னிடம் சொல்லியிருக்கலாமே. சொல்லியிருந்தால் நான் என்ன... நான் என்ன சொல்லியிருப்பேன்? நல்ல பொறுப்பான பையன், உனக்கு என்ன குறை, யார் உன் மனசைக் கெடுத்தது என்று கேட்டிருப்பேன். யார், யார் என்று குடைந்திருப்பேன். டிரில் மாஸ்டர் வரைக்கும் போயிருப்பேன்.

நீங்கள் எழுந்துவிட்டீர்களா? ஒரு நிமிஷம் இருங்கள். ஷட்டரை இறக்கிவிட்டு வந்துவிடுகிறேன். அவன் வீட்டுக்கு வாய்க்கால் மேட்டு வழியாகப் போக வேண்டும், புது ஆளுக்குத் தெரியாது. பெண்ணைக் கொடுக்கலாமா என்று கேட்டீர்கள், போகிற வழியில் சொல்கிறேன். அதற்கு ரொம்ப நேரம் ஆகாது.

அம்மணி! எள்ளுப்பொடி இருந்தா ஒரு டப்பாவுல போட்டு எடுத்துட்டு வா.

தடியை எடுக்கத்தான் வருகிறேன். வேறொன்றுமில்லை.